சேர்க்கைப் பலன் சொல்லுமுன் பாகையை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாராந்திர இணைப்பில் வரும் ஜோதிடக் கேள்வி-பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். அந்தப் பகுதியில் வாசகரின் ராசிக் கட்டம் மட்டும் அச்சாகிறது. அதன்கீழ் 'ஏழில் செவ்வாயும் சனியும் சேர்ந்திருப்பதால் திருமணம் தாமதமாகும்', 'குருவோடு ராகு கூடியதால் சண்டாள யோகம்', 'சனியோடு சந்திரன் இருப்பதால் புனர்பூ தோஷம்' என்று இரண்டு மூன்று வரிகளில் பதில் முடிந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கும் பெற்றோர். அந்த இரண்டு வரியை வைத்து ஒரு நல்ல வரன் தட்டிக்கழிக்கப்படுகிறது. கிரகச் சேர்க்கையை எடைபோட ராசிக் கட்டம் மட்டும் போதாது. ஏன் போதாது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

ஒரு ராசிக்கு 30 பாகை (டிகிரி). மேஷத்தில் 1 பாகையில் ஒரு கிரகமும் 29 பாகையில் இன்னொரு கிரகமும் நின்றால் இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் எழுதுவோம். நடுவில் 28 பாகை இடைவெளி. மேஷம் 29 பாகையில் ஒன்றும் ரிஷபம் 1 பாகையில் மற்றொன்றும் நின்றால் இடைவெளி இரண்டே பாகை. ஆனால் கட்டத்தில் வேறு வேறு வீடு, சேர்க்கை என்று எவரும் சொல்வதில்லை. ராசி வழியாகச் சேர்க்கை சொல்வது நம் மரபு. அதை நான் மறுக்கவில்லை. ஒரு யோகம் உண்டா இல்லையா என்பதை ராசி சொல்லும். அந்த யோகத்துக்கு எவ்வளவு வலு என்பதைப் பாகைதான் சொல்லும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதில்தான் கோளாறு.

சூரியனும் சந்திரனும் ஒரே கட்டத்தில் இருந்தால் 'அமாவாசையில் பிறந்த ஜாதகம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு திதிக்கு 12 பாகை. சூரியன் ராசியின் 1 பாகையிலும் சந்திரன் 29 பாகையிலும் இருந்தால் 28 பாகை வித்தியாசம். அது வளர்பிறைத் திருதியை. மாறாகச் சூரியன் 29-லும் சந்திரன் 1-லும் இருந்தால் தேய்பிறைத் திரயோதசி. திருதியைச் சந்திரன் மேற்கு வானில் கண்ணுக்குத் தெரியும் பிறை, ஒளி ஏறிக்கொண்டிருப்பது. திரயோதசிச் சந்திரன் ஒளி குறைந்து சூரியனை நோக்கிப் போவது. பக்ஷ பலத்தில், அதாவது வளர்பிறை தேய்பிறை சார்ந்த வலுவில், இவ்விரண்டும் ஒன்றாக முடியாது. கட்டமோ இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எந்தப் பஞ்சாங்கம் என்பது. தமிழ்நாட்டில் வாக்கியம் (பழைய வாக்கியங்களின்படி கணிப்பது), திருக்கணிதம் (வானில் காணும் நிலையோடு ஒத்த கணக்கு) என இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. தங்கள் பகுதியில் அச்சாகும் கட்டங்கள் எதன்படி போடப்பட்டவை என்ற குறிப்பு வருவதே இல்லை. 2020 டிசம்பர் 21-ஆம் தேதி மாலை தென்மேற்கு வானில் குருவும் சனியும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றதை நாடே பார்த்தது. இடைவெளி ஏறத்தாழ 6 கலை, அதாவது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. திருக்கணிதப்படி இரண்டும் மகரத்தில் 6 பாகையைத் தாண்டி, உத்திராடம் 3-ஆம் பாதத்தில் இருந்தன. வாக்கியப்படி குரு நவம்பர் 15-ஆம் தேதியே மகரத்துக்கு வந்துவிட்டார். சனிப்பெயர்ச்சியோ டிசம்பர் 27-ஆம் தேதிதான். திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். ஆகவே அன்று மாலை பிறந்த குழந்தைக்கு வாக்கிய முறையில் ஜாதகம் எழுதினால் சனி தனுசில், குரு மகரத்தில். வானத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கிரகங்கள் காகிதத்தில் வெவ்வேறு வீட்டில்!

வாக்கிய முறை மேல் எனக்கு மரியாதை உண்டு. மனப்பாடம் செய்த வாக்கியங்களை வைத்தே சந்திரனின் நிலையைச் சொன்ன முன்னோர்களின் கணிதத் திறமை வியக்கத்தக்கது. கோயில் விழாக்களுக்கு அந்தந்தத் தலத்து வழக்கப்படி வாக்கியத்தைக் கொள்வதில் எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இரண்டு கிரகங்களுக்கு இடையே எத்தனை பாகை என்று கேட்கும்போது, கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். சேர்க்கைப் பலனுக்குத் திருக்கணிதமே சரி என்பது என் உறுதியான கருத்து. மாறுபடுகிறவர்கள் வாக்கியப்படியே சொல்லட்டும். எந்தக் கணிதம் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம்.

திருக்கணிதத்துக்குள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது: அயனாம்சம், அதாவது ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை நிர்ணயிக்கக் கழிக்கும் பாகை. லாஹிரி அயனாம்சம் இப்போது 24 பாகை 13 கலை அளவில் இருக்கிறது. ராமன் அயனாம்சம் அதைவிட ஏறத்தாழ ஒன்றரை பாகை குறைவு. எந்த அயனாம்சத்தை எடுத்தாலும் இரு கிரகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. ஆனால் ராசியின் விளிம்பில் நிற்கும் கிரகம் கட்டம் தாண்டிவிடும். மேலே சொன்ன அதே 2020 டிசம்பர் 21 மாலையில் செவ்வாய் லாஹிரிப்படி மீனத்தில் 29 பாகையை நெருங்கி நின்றார், சந்திரனும் மீனத்தில் 2-ஆம் பாகையில் இருந்தார். கட்டத்தில் சந்திர-செவ்வாய்ச் சேர்க்கை, சந்திர மங்கள யோகம். ராமன் அயனாம்சத்தில் போட்டால் செவ்வாய் மேஷத்துக்குப் போய்விடுவார், யோகமும் கூடவே போய்விடும். இரண்டுக்கும் நடுவே 27 பாகை இருக்கும்போது அதை யோகம் என்று கொண்டாடியதே முதலில் தவறு. பாகையை எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அதோடு மீனத்தின் கடைசிப் பாகைகள் கண்டாந்தம், அதாவது ராசியும் நட்சத்திரமும் சேர்ந்து முடியும் சந்தி. அங்கே நிற்கும் கிரகத்தைச் சேர்க்கையில் எடுக்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

ராகு-கேதுவின் ஸ்புடத்தில், அதாவது பாகை-கலை நிலையில், மத்திம ஸ்புடம் (சராசரி நிலை), உண்மை ஸ்புடம் என இருவகை. இரண்டுக்கும் ஒன்றரை பாகை வரை வேறுபாடு வரும். கணினி மென்பொருளில் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமலே அச்செடுத்துக் கொடுக்கிறார்கள்.

இனி, சேர்க்கை என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது. இரண்டு கிரகங்களின் ஸ்புடத்தையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். அடுத்து எது வேகமானது, அது மற்றதை நெருங்குகிறதா விலகுகிறதா என்று பாருங்கள். சந்திரன் ஒரு நாளைக்குச் சராசரி 13 பாகை நகர்வார். சூரியன் 1 பாகை. குரு 5 கலை. சனி 2 கலை. வேகமான கிரகம் பாகையில் குறைவாக இருந்து மெதுவான கிரகத்தை நோக்கிப் போனால் சேர்க்கை கூடிவருகிறது. தாண்டிப் போயிருந்தால் அது கலைகிறது. தாஜிகத்தில் இதை இத்தசாலம், ஈசராபம் என்று பிரித்துச் சொல்வார்கள். வருஷ பலனுக்கும் பிரசன்னத்துக்கும் உரிய முறை அது என்றாலும், ஜன்ம ஜாதகத்திலும் வலுவை அறிய உதவும் என்பதே என் எண்ணம். வக்கிரத்தில் இருக்கும் கிரகத்துக்குக் கணக்கு தலைகீழாகும். முன்னால் இருப்பது பின்னோக்கி வந்து கூடும். இதை மறந்தால் கூடுவதை விலகுவதாகப் படித்துவிடுவோம்.

மூன்றாவதாக அஸ்தங்கம், அதாவது சூரியனுக்கு மிக அருகில் வந்து ஒளி இழப்பது. சூரியனோடு சேர்ந்த கிரகத்துக்கு எல்லாம் 'அஸ்தமனம்' என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு: சந்திரனுக்கு 12 பாகை, செவ்வாய்க்கு 17, புதனுக்கு 14, வக்கிர புதனுக்கு 12, குருவுக்கு 11, சுக்கிரனுக்கு 10, வக்கிர சுக்கிரனுக்கு 8, சனிக்கு 15. ராகு-கேதுவுக்கு அஸ்தங்கம் கிடையாது. அடுத்த ராசியில் இருந்தாலும் இந்த எல்லைக்குள் வந்தால் அஸ்தங்கம்தான். கட்டத்தை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார். புதன் சூரியனைவிட்டு 28 பாகைக்கு மேல் விலகவே மாட்டார். ஆகவே சூரியன் இருக்கும் ராசியிலோ அதை ஒட்டிய ராசியிலோதான் எப்போதும் இருப்பார். சூரியனும் புதனும் சேரும் புதாதித்ய யோகம் பல ஜாதகங்களில் சர்வசாதாரணமாக வருவதற்குக் காரணம் இதுதான். அதை மட்டும் வைத்து 'பெரும் கல்விமான், அரசு உத்தியோகம்' என்று எழுதினால் ஊரில் பாதிப்பேர் அரசு உத்தியோகத்தில் இருக்க வேண்டும். புதன் 14 பாகைக்கு வெளியே, நல்ல ஆதிபத்தியத்தோடு (நல்ல வீடுகளுக்கு அதிபதியாக), ஒளியோடு நின்றால்தான் அந்த யோகத்தைத் தைரியமாகச் சொல்லலாம்.

2025 மார்ச் 29 அன்று மீனத்தில் ஆறு கிரகச் சேர்க்கை என்று தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் பரபரப்பூட்டியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகங்கள் கூடியபோது நாடு முழுவதும் எழுந்த பீதியின் சிறிய வடிவம் அது. 2025-இல் நடந்ததைப் பாகையில் பார்ப்போம். திருக்கணிதப்படி சனி மீனத்தில் நுழைந்தது 29-ஆம் தேதி இரவு. சந்திரன் மீனத்தை விட்டது 30-ஆம் தேதி மாலை. ஆறும் ஒரே ராசியில் இருந்தது ஒரு நாளுக்கும் குறைவு. 30-ஆம் தேதி காலையில் சனி 0 பாகையில், ராகு 3 பாகைக்குள், சுக்கிரன் 4-ஐத் தாண்டி, புதன் 6 பாகையை ஒட்டி, சூரியன் 15-ஐத் தாண்டி, சந்திரன் 23 பாகையில். ஆக நான்கு கிரகங்கள் ராசியின் தொடக்கத்தில் ஒரு கூட்டமாகவும் சூரியன் நடுவிலும் சந்திரன் தனியாக முன்னேறியும் நின்றிருக்கின்றன. புதனும் சுக்கிரனும் வக்கிரம். புதன் சூரியனிலிருந்து 10 பாகைக்குள் இருப்பதால் வக்கிர எல்லையான 12-க்குள் வந்து அஸ்தங்கம், மீனத்தில் நீசமும்கூட, அதாவது பலம் குன்றிய நிலை. சுக்கிரன் 11 பாகை தள்ளி இருக்கிறார். வக்கிர எல்லை 8 என்பதால் அஸ்தங்கம் இல்லை. மீனம் உச்ச வீடும் ஆகிறது. ஒரே கட்டத்தில் ஒன்று நீசமாகி ஒளியும் இழந்து நிற்கிறது, இன்னொன்று உச்சமாகி ஒளியோடு நிற்கிறது. 'ஆறு கிரகச் சேர்க்கை' என்று ஒரே சொல்லில் பலன் சொன்னால் இந்த வேறுபாடெல்லாம் எங்கே போகும்? வாக்கியப்படி அன்று சனி கும்பத்திலேயே இருந்தார். மீனப் பெயர்ச்சி 2026 மார்ச் 6-ஆம் தேதிதான். அந்த முறையில் ஆறு கிரகச் சேர்க்கையே நடக்கவில்லை. வாக்கியப்படி சனிப்பெயர்ச்சிப் பலனையும் திருக்கணிதப்படி ஆறு கிரகப் பலனையும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே பத்திரிகை வெளியிட்டால் வாசகர் எதை நம்புவார்?

கிரக யுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐந்துக்குள் இரண்டு 1 பாகைக்குள் நெருங்கினால்தான் யுத்தம். சூரிய சந்திரருக்கும் சாயா கிரகங்களான ராகு-கேதுவுக்கும் யுத்தம் சொல்லப்படவில்லை. யார் வென்றார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வடக்கே நிற்பவர் வென்றார் என்பது ஒரு சாரார் கொள்கை. ஒளியும் பிம்ப அளவும் பெரிதாக உள்ளவரே வென்றவர் என்பது சூரிய சித்தாந்தத்தின் போக்கு. 2020 டிசம்பர் 21-இல் சனி வடக்கே இருந்தார், குரு பல மடங்கு பிரகாசமாக இருந்தார். முதல் விதிப்படி சனிக்கு வெற்றி, இரண்டாவதன்படி குருவுக்கு வெற்றி. எந்த விதியைக் கொள்கிறோம் என்று சொல்லாமல் 'குரு தோற்றுவிட்டார், புத்திர தோஷம்' என்று தீர்ப்பு எழுதுவது முறையாகாது. வானத்தில் பார்ப்பவனுக்கு எது மேலோங்கித் தெரிகிறதோ அதையே வென்றதாகக் கொள்வது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவும் கிரகங்களின் நிலையைப் பற்றியவை. பலனைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு ஆதிபத்தியத்துக்கு. பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியான லக்னம் தெரியாமல் சேர்க்கைக்கு நல்லது கெட்டது சொல்லவே முடியாது. அந்த 2020 குரு-சனிச் சேர்க்கையையே சென்னையில் வெவ்வேறு நேரத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பார்ப்போம்.

பகல் 12.30-க்குப் பிறந்திருந்தால் மீன லக்னம். குரு லக்னத்துக்கும் பத்துக்கும் அதிபதி. சனி பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அதிபதி. இருவரும் பதினொன்றில். லாபாதிபதி லாபத்தில் ஆட்சியாக, அவரோடு லக்னாதிபதி. உழைப்பு மெதுவாக, ஆனால் தவறாமல் பணமாகும் அமைப்பு. சனியின் மூன்றாம் பார்வை லக்னத்தில் விழுவதால் உடம்பிலும் சுபாவத்திலும் சனியின் முத்திரை இருக்கும். சின்ன வயதிலேயே பொறுப்பு. குருவின் ஒன்பதாம் பார்வை ஏழாம் வீடான கன்னிக்கு.

மாலை 7 மணி என்றால் மிதுன லக்னம். இப்போது குரு ஏழுக்கும் பத்துக்கும் அதிபதி; சனி எட்டுக்கும் ஒன்பதுக்கும். ஒன்பதாம் அதிபதியும் பத்தாம் அதிபதியும் சேர்ந்ததால் தர்மகர்மாதிபதி யோகம் என்று துள்ளிக் குதிப்பார்கள். சேர்ந்த இடம் எட்டு. சனிக்கு எட்டாம் ஆதிபத்தியமும் இருக்கிறது. குரு உபய லக்னத்துக்கு ஏழாம் அதிபதி, அதாவது தடை தரும் பாதகாதிபதி. யோகம் உண்டு, ஆனால் தடைப்பட்டு, இடம் மாறி, வழி மாறித்தான் பலிக்கும். ஆயுள் காரகன் எட்டில் ஆட்சி என்பதால் ஆயுளுக்கு மட்டும் பலம். இரவு 8.30-க்குக் கடக லக்னம். ஏழில் சனி ஆட்சி, கேந்திரம் (1, 4, 7, 10-ஆம் வீடுகள்), ஆகவே சச யோகம். குரு ஒன்பதாம் அதிபதி என்பதால் நல்லவர், ஆறாம் ஆதிபத்தியமும் உண்டு. சனி ஏழு, எட்டுக்கு உடையவர். பெரியவர்கள் பார்த்து நிதானமாக நடக்கும் திருமணம், வயதிலோ பக்குவத்திலோ மூத்த துணை. லக்னத்தை இருவரும் ஏழாம் பார்வையாகப் பார்க்கிறார்கள். மூன்று குழந்தைகளுக்கும் பாகையும் நட்சத்திர பாதமும் ஒன்றே. பலனில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. 'குரு-சனிச் சேர்க்கை இருந்தால் இப்படி' என்ற பொதுப் பலன் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

நீசபங்கத்தையும் இதிலேயே சோதித்துப் பாருங்கள். மகரத்தில் குரு நீசம். 5 பாகை பரம நீசம், நாம் எடுத்த நாளில் அவர் அதைச் சற்றே தாண்டியிருந்தார். நீச ராசிக்கு அதிபதியான சனி லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் இருந்தால் பங்கம். கடக லக்னத்துக்கு இது நேராகப் பொருந்துகிறது. மிதுன லக்னத்துக்குச் சனி எட்டில், மீனச் சந்திரனுக்குப் பதினொன்றில், எனவே இந்த விதி பொருந்தாது. ஆனால் மகரத்தில் உச்சம் பெறும் செவ்வாயும், குருவின் உச்ச வீடான கடகத்துக்கு அதிபதி சந்திரனும் மீனத்தில், லக்னத்துக்குப் பத்தில் இருப்பதால் வேறு வழியாகப் பங்கம் கிடைக்கிறது. எந்த விதியால் பங்கம் என்று சொல்லாமல் 'நீசபங்க ராஜயோகம்' என்று அச்சடிப்பதால் யாருக்கும் நன்மையில்லை. பங்கம் என்றால் நீசத்தின் கெடுதல் நீங்கியது என்று பொருள். ராஜயோகம் என்று சொல்ல இன்னும் பல வேண்டும்.

அம்சக் கட்டத்தைப் பார்க்காமல் சேர்க்கைப் பலனை முடிக்கக் கூடாது. ஒரு நவாம்சம், அதாவது ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு, 3 பாகை 20 கலை. ராசியில் சேர்ந்த இரண்டும் ஒரே நவாம்சத்தில் விழுந்தால் பிணைப்பு பலமானது. மேலே சொன்ன குருவும் சனியும் கும்ப நவாம்சத்தில் சேர்ந்தே இருக்கின்றன. குரு நீச நவாம்சத்திலிருந்து தப்பியது கூடுதல் நன்மை. ராசியில் சேர்ந்து அம்சத்தில் பிரிந்து போன சேர்க்கைக்கு வெளித்தோற்றம் இருக்கும், உள்ளீடு குறைவு. அஷ்டவர்க்கத்தையும் பார்க்கலாம்: சர்வாஷ்டக வர்க்கத்தின் மொத்தப் பரல் (புள்ளி) 337, ராசிக்குச் சராசரி 28. சேர்க்கை நடந்த ராசியில் அதற்கு மேல் இருந்தால் பாபச் சேர்க்கைகூடத் தாங்கும். லக்னப் பாகையிலிருந்து வீடுகளை அளக்கும் பாவச் சக்கரம் போட்டால் ராசியில் சேர்ந்திருக்கும் இரண்டில் ஒன்று அடுத்த பாவத்துக்குப் போவதும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தாலும் தசை வராவிட்டால் சேர்க்கை தூங்கும். அந்த 2020 டிசம்பர் 21 மாலை நட்சத்திரம் பூரட்டாதி. ஆகவே குழந்தைக்குப் பிறக்கும்போதே குரு தசை. 7 மணிக்குப் பிறந்ததற்கு அந்தத் தசையின் இருப்பு (மீதமுள்ள காலம்) இரண்டு வருடம் சில மாதங்கள், அதன்பின் 19 வருடம் சனி தசை. இருபத்தொரு வயது வரை அந்தச் சேர்க்கையின் பிடியிலேயே வளரும். அதே குரு-சனிச் சேர்க்கை வேறு நட்சத்திரத்தில் பிறந்தவருக்கு ஐம்பது வயதுக்குமேல் பேசலாம். அவருடைய திருமணத்துக்கு அதைக் காரணம் காட்டுவது சரியா?

பயமுறுத்தும் பெயர்களுக்கு வருகிறேன். குரு-ராகு ஒரே ராசியில் இருந்தால் குரு சண்டாள யோகம் என்கிறோம். 2023 ஏப்ரல் 22 முதல் அக்டோபர் 30 வரை திருக்கணிதப்படி இருவரும் மேஷத்தில் இருந்தனர். அந்த ஆறு மாதத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளும் குரு நிந்தனை செய்வார்களா? ஜூன் தொடக்கத்தில் இருவருக்கும் இடைவெளி ஒன்றிரண்டு பாகை. செப்டம்பர் தொடக்கத்தில் குரு 21 பாகையிலும் ராகு 3 பாகையிலும். நடுவே 18 பாகை. முதலாவதைச் சேர்க்கை என்று கவனத்தோடு பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பெயரளவில் சேர்க்கை என்று சொல்லலாம், அவ்வளவே. சனி-சந்திரனோ மாதா மாதம் கூடுவது. சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருப்பதால் பன்னிரண்டில் ஒரு குழந்தைக்குச் சனியோடு சந்திரன் இருந்தே தீரும். பன்னிரண்டில் ஒருவருக்கு வரும் அமைப்பை வைத்து, பாகை பாராமல், குரு பார்வை பாராமல், பக்ஷ பலம் பாராமல் 'புனர்பூ, நிச்சயித்த கல்யாணம் நிற்கும்' என்று எழுதுவது பெண்ணைப் பெற்றவர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டுவதுதான். அந்தச் சேர்க்கைக்கு வயதுக்கு மீறிய பொறுப்பு, தாயைப் பற்றிய கவலை, தாமதித்து முடிவெடுக்கும் குணம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திருமணத்தை ஏழாமிடம், அதன் அதிபதி, சுக்கிரன், நவாம்சம், நடப்பு தசை இவற்றைப் பார்த்த பிறகு பேசலாம்.

பரிகாரமும் அப்படியே. பாகை பார்க்காமல் சொன்ன தோஷத்துக்கு மூன்று ஊர்க் கோயில்களும் ஹோமமும் எழுதிக் கொடுக்கிறார்கள். கோயிலுக்குப் போவது நல்லதே. கடன் வாங்கிப் பரிகாரம் செய்யும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவது ஜோதிடருக்குப் பாவம், அதை அச்சிட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். ராசிக் கட்டத்தின்கீழ் ஒரே ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள்: வாக்கியமா திருக்கணிதமா, எந்த அயனாம்சம், லக்ன பாகை, பேசப்படும் கிரகங்களின் பாகை-கலை, தசா இருப்பு. இடம் போதவில்லை என்றால் பதிலில் குறிப்பிடும் கிரகங்களுக்கு மட்டுமாவது பாதசாரம் (நிற்கும் நட்சத்திர பாதம்) போடுங்கள். பலன் எழுதுபவர் எந்தக் காரணத்தால் சொல்கிறார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் சரிபார்க்கலாம், தெரியாதவர்கள் இன்னொரு ஜோதிடரிடம் காட்டிக் கேட்கலாம்.

ஜாதகம் அனுப்பும் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பழைய நோட்டில் உள்ள கட்டத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பாதீர்கள். பிறந்த தேதி, ஊர், நேரம் மூன்றையும் எழுதுங்கள். நேரம் மருத்துவமனைப் பதிவிலிருந்து எடுத்ததா, வீட்டில் உள்ளவர்கள் நினைவிலிருந்து சொன்னதா என்பதையும் குறிப்பிடுங்கள். நான்கு நிமிடத்துக்கு லக்னம் சுமார் ஒரு பாகை நகரும். லக்னம் ராசியின் விளிம்பில் இருந்தால் கால் மணி நேர வித்தியாசத்தில் ஆதிபத்தியமே மாறிவிடும். நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவே பிறந்தவர்கள் ஆங்கிலத் தேதியா, உதயம் முதல் கணக்கிடும் தமிழ்த் தேதியா என்று தெளிவாக எழுத வேண்டும். முந்தைய நாள் போட்டுவிட்டால் சந்திரன் 13 பாகை பின்தங்கி, இல்லாத சேர்க்கை ஒன்று கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படிக்கு,
ஜாதகக் கணிதம் பயிற்றுவிக்கும் வாசகர்,
கும்பகோணம்.